பிள்ளைகளின் விளையாட்டுக் கணினி: பணம் போடுமுன் ஒரு கணக்கு

நம் உறுப்பினர்கள் பலரின் இல்லங்களில் இப்போது ஒரு புதுக் கோரிக்கை எழுந்து வருகிறது. "கணினியில் விளையாட வேண்டும், அதை யூடியூபில் நேரலையாகக் காட்ட வேண்டும், இருக்கும் கணினி போதாது" என்கிறார்கள் பிள்ளைகள். கேட்டவுடன் மறுப்பதும் சரியல்ல; கேட்டதற்கெல்லாம் கல்லாவைத் திறப்பதும் சரியல்ல. சரக்குக் கொள்முதலில் நாம் காட்டும் நிதானம் இதிலும் வேண்டும்.

கடையில் பொட்டலம் கட்ட நான்கு பேர் இருந்து தராசு ஒன்றே இருந்தால், ஐந்தாவது ஆளைச் சேர்த்துப் பயனில்லை. இன்னொரு தராசுதான் வேண்டும். கணினியும் அப்படித்தான். எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்குச் செலவில்லாத சோதனை உண்டு. விளையாட்டு ஓடும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு 100 சதவீதத்தை ஒட்டி நின்றால், தடை அந்தக் கார்டில்தான். அது பாதி உழைப்பில் இருந்தும் படம் திக்கினால், பிராசசரைச் சந்தேகிக்கலாம். நினைவகம் நிரம்பி வழிந்தால் ராம் போதவில்லை என்று பொருள்.

ராமும் எஸ்எஸ்டியும்: விளையாட்டுடன் நேரலையும் என்றால் 8 ஜிபி ராம் போதாது, 16 ஜிபி தேவை. ஒரே 16-ஐ விட இரண்டு 8 ஆகப் போடுவது வேகம் தரும். டிடிஆர்4 பலகையில் டிடிஆர்5 ராம் பொருந்தாது; பழையதை எடுத்துச் சென்று காட்டி வாங்குங்கள். ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் விளையாட்டு விரைவில் திறக்கும். ஆனால் மெலிந்த கிராபிக்ஸ் கார்டின் குறையை அது தீர்க்காது.

பிராசசர்: இதற்காக முழுக் கணினியையும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். 2017-இல் வந்த ஏஎம்டி ஏஎம்4 பலகைகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து, 2022-இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரையே பொருத்த முடிகிறது. பலகை தயாரித்த நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும்: பெரும்பணம் போவது இங்கேதான். கார்டு கேட்கும் வாட் அளவு, மின் இணைப்பு, பெட்டிக்குள் அடங்கும் நீளம் ஆகிய மூன்றையும் முன்பே அளந்து கொள்ளுங்கள். மலிவுப் பெட்டியோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை நம்பி விலையுயர்ந்த கார்டை மாட்டுவது, அறுந்த கோணியில் அரிசி ஏற்றுவது போன்றது. அது பழுதானால் மற்ற பாகங்களையும் கெடுக்கக் கூடும்.

நேரலை: இதற்குத் தனிக் கணினி தேவையில்லை. என்விடியா கார்டுகள் பெரும்பாலானவற்றில் படத்தைச் சுருக்கி அனுப்பத் தனிப் பகுதியே உண்டு; இன்டெல் பிராசசர்கள் பலவற்றிலும் அவ்வசதி உண்டு. ஓபிஎஸ் என்னும் மென்பொருள் இலவசம். கவனிக்க வேண்டியது இணையத்தின் பதிவேற்ற வேகம். நல்ல தெளிவில் காட்ட 6 மெகாபிட்டுக்குக் குறையாமல் தேவை. அதைப்போல் இருமடங்கு இருந்தால் நிம்மதி. வைஃபையை விடக் கம்பி இணைப்பே நம்பகமானது. கேமராவுக்கு முன் நல்ல மைக் வாங்குங்கள்.

காலமும் விலையும்: 2021-இல் கிரிப்டோ நாணயச் சுரங்கத்துக்காக வாங்கிக் குவித்ததில் கிராபிக்ஸ் கார்டு விலை எகிறியது. 2022 செப்டம்பரில் எதீரியம் அம்முறையைக் கைவிட்டதும், உழைத்துத் தேய்ந்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. 2025 இறுதியில் ராம் விலை ஏறியது. துவரம்பருப்பு போல இதிலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு; அவசரமில்லையேல் காத்திருக்கலாம். பழைய கார்டை ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பில்லும் கடைக் கணினியும்: சீரியல் எண் குறித்த ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள், உத்தரவாதம் கோர அது உதவும். வீட்டு உபயோகத்துக்கான பொருளின் வரியைக் கடைக் கணக்கில் உள்ளீட்டு வரியாக எடுக்கக் கூடாது. மிக முக்கியமாக, பில் போடும் கணினியில் விளையாட்டுக்கு இடம் தராதீர்கள். திருட்டு விளையாட்டுப் பிரதியோடு வரும் வைரஸ் ஒன்று போதும், கடன் பாக்கிக் கணக்கு முழுவதும் போய்விடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், கடைக் கணினியையும் இவ்வேளையில் சோதித்துக் கொள்வது நல்லது.

முதலில் சோதனை, அடுத்து பட்டியல், பிறகு மூன்று கடைகளில் விலை விசாரணை. இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். கணினியோடு கொள்முதல் செய்யும் பழக்கமும் அவர்களுக்குக் கைவரும். நம் தொழிலுக்கு அதுவே பெரிய முதலீடு.