பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்?

தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பதாக வைத்தியர் கூறியதும், உயிருக்கு ஆபத்து உண்டா என்பதே நோயாளியின் முதற் கேள்வியாக இருக்கும். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்றாகையால், நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுந்திருக்கும். பதில் பெரும்பாலும் ஆறுதலளிப்பதே. மிகப் பொதுவான வகையான பப்பிலரிப் புற்றுநோய்க்கு உரிய சிகிச்சை பெற்றோரில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் 10 ஆண்டுகளின் பின்னரும் உயிர்வாழ்கின்றனர்.

எனினும், உயிர் பிழைப்பது மட்டுமே சத்திரசிகிச்சையின் வெற்றியாகிவிடுமா? இதற்கு வரலாறு பதில் தந்துள்ளது. சுவிட்சர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் தியோடோர் கோக்கர், தைரொயிட் வீக்கத்துக்கான சத்திரசிகிச்சையில் ஏற்பட்ட மரணங்களைப் பெருமளவு குறைத்தவர். ஆனால், சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டோரை அவர் மீண்டும் அழைத்துப் பரிசோதித்தபோது, பலர் உடல் வீங்கி, சிந்தனையும் செயலும் மந்தமடைந்திருக்கக் கண்டார். 1883ஆம் ஆண்டு அதனை மறைக்காது வெளியிட்டார். மரணங்களை மட்டும் எண்ணியிருந்தால் அவ்வுண்மை புலப்பட்டிராது. தைரொயிட் பற்றிய பணிக்காக 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று சுரப்பியின் பணியைத் தைரொக்சின் மாத்திரை ஈடுசெய்கிறது. ஆயினும் வேறு இரு ஆபத்துக்கள் உள்ளன. குரல் நாண்களை இயக்கும் நரம்பு தைரொயிட்டை ஒட்டியே செல்கிறது. அது பாதிப்புற்றால் குரல் கம்மிவிடும். சுரப்பியின் பின்புறத்தே பொதுவாக நான்கு சிறிய பராதைரொயிட் சுரப்பிகள் உள்ளன. அவை சேதமுற்றால் இரத்தத்தில் கல்சியம் குறைந்து, விரல்கள் விறைத்துத் தசைகள் இழுக்கும்.

சுரப்பியின் ஒரு பாதியை அகற்றினாற் போதுமா, முழுவதையும் அகற்ற வேண்டுமா என்ற விவாதம் பெரிதும் இத்தகைய விளைவுகளையே சார்ந்துள்ளது. இங்குதான் சிக்கல் எழுகிறது. ஓர் ஆய்வு கல்சியக் குறைபாட்டை இரத்தப் பரிசோதனையால் கணிக்கிறது. மற்றொன்று மாத்திரை உட்கொள்வோரை எண்ணுகிறது. 6 மாதம் நீடித்தாலே நிரந்தரக் குறைபாடு என்போரும், 12 மாதம் என்போரும் உளர். ஓர் ஆய்வு குரல் நாணின் அசைவைக் கருவியால் நோக்குகிறது. இன்னொன்று நோயாளியையே வினவுகிறது. நாண் நன்றாக அசைந்தாலும், வகுப்பறையில் உரத்துப் பேச இயலாத ஆசிரியை தமது குரல் குணமாகிவிட்டதாகக் கருதுவாரா? ஒருவர் முழத்தாலும் மற்றவர் யாராலும் அளந்த துணிகளை எவ்வாறு ஒப்பிடுவது?

இதற்கான பரிகாரம் புதியதன்று. மூட்டுவாத நோய் ஆய்வாளர்கள், எல்லா ஆய்வுகளிலும் கட்டாயம் அளக்கவேண்டியவை எவையென 1992இலேயே கூடி இணக்கம் காணத் தொடங்கினர். ஏனைய நோய்களிலும் இம்முயற்சியை ஊக்குவிக்க 2010இல் பிரித்தானியாவில் 'கொமெட்' அமைப்பு ஆரம்பிக்கப்பட்டது. வைத்தியர்களும் ஆய்வாளர்களும் நோயாளிகளும் பல சுற்றுக்களாக வாக்களித்து, குறுகிய பட்டியலொன்றை முடிவுசெய்வதே இம்முறையாகும். அப்பட்டியலுக்கு அப்பாலும் ஆய்வாளர் விரும்பியதை அளக்கலாம். அதிலுள்ளதைத் தவிர்க்கலாகாது என்பதே நிபந்தனை.

தைரொயிட் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கும் இத்தகைய இணக்கம் இன்றியமையாதது என்பதே எமது கருத்தாகும். நோய் மீண்டும் தோன்றுதலோடு குரல், கல்சியம், களைப்பு, கழுத்துத் தழும்பு, வாழ்நாள் முழுதும் மாத்திரையை நம்பியிருத்தல் என்பனவும் அங்கு ஆராயப்பட வேண்டும். எது முக்கியமென்பதை வைத்தியர்கள் மட்டும் தீர்மானித்தலாகாது. நோயாளிகள் தமது சொந்த மொழியிலேயே வினவப்படுதலும் அவசியம். சிகிச்சைக்குப் பின் பல்லாண்டு வாழப்போகிறவர்கள் அவர்களே. அவ்வாழ்வை அளக்கும் கோலைத் தெரிவுசெய்வதிலும் அவர்களுக்குப் பங்கிருத்தல் வேண்டும்.