தவிட்டில் வளரும் மருந்து

உயிரிஉலை என்றதும் நினைவுக்கு வருவது எஃகுத் தொட்டிதான். ஊட்டச்சாற்றை நிரப்பி, அடியிலிருந்து காற்றைக் குமிழ்களாகச் செலுத்தி, சுழல்தண்டால் ஓயாமல் கலக்குவார்கள். இரண்டாம் உலகப்போரின்போது பெனிசிலின் பெருமளவில் கிடைத்தது இத்தகைய தொட்டிகளால்தான். ஆனால் சில பூஞ்சைகள் தண்ணீரில் வேண்டாவெறுப்பாகத்தான் வளர்கின்றன. ஈரக் கோதுமைத் தவிட்டில் படரவிட்டால் நொதிகளைத் தாராளமாகச் சுரக்கின்றன. சோயா சாஸுக்காக ஜப்பானியர் தட்டுகளில் பூஞ்சை வளர்ப்பதும் இந்த வழியில்தான்.

பெங்களூரில் இந்த முறையைத் தொழிலாக வளர்த்தெடுத்தது பயோகான் நிறுவனம். ஆஸ்திரேலியாவில் பீர் தயாரிப்பு படித்துத் திரும்பிய கிரண் மஜும்தாருக்கு இங்குள்ள ஆலைகள் வேலை தரத் தயங்கின. 1978இல் வாடகை வீட்டின் கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலீட்டில், அயர்லாந்து நிறுவனம் ஒன்றின் கூட்டோடு அவர் பயோகானைத் தொடங்கினார். முதல் சரக்குகள் பப்பாளிப் பாலிலிருந்து பப்பேன், மீனின் காற்றுப்பையிலிருந்து ஐசிங்கிளாஸ். இரண்டுக்கும் உயிரிஉலையே தேவையில்லை!

பூஞ்சைக்கு வந்தபோதுதான் சூடு குறுக்கே நின்றது. வளரும் உயிர் வெப்பத்தை வெளியிடும். தொட்டியில் சுழலும் நீர் அதைச் சுவருக்குக் கொண்டுபோய்விடும். தவிடோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. கனமாகக் குவித்தால் நடுவிலுள்ள பூஞ்சை தன் சூட்டிலேயே செத்துப்போகும். மெல்லிய படலமாகப் பரப்பினால் அறை அறையாகத் தட்டுகள் வேண்டும். கைபடும் இடமெல்லாம் வேறு கிருமிகளும் வந்து குடியேறும்.

பயோகான் உருவாக்கிய 'பிளாஃப்ராக்டர்' இதற்கு விடை சொன்னது. 2001இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. மூடிய கலத்துக்குள் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றின் உள்ளே குளிர்விக்கும் நீர் ஓட வழி உண்டு. ஆகவே, தவிட்டின் சூடு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீராவியால் கிருமிநீக்கம், விதைப்பு, வளர்ப்பு, கடைசியில் கரைப்பானை ஓடவிட்டு மருந்துப் பொருளைக் கரைத்தெடுப்பது என எல்லாம் அந்த ஒரே கலத்தில் நடக்கும். இடையில் யாரும் அதைத் திறப்பதில்லை.

அந்தக் கடைசிப் படியில்தான் இயந்திரத்தின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. வீட்டில் இரவு முழுக்கப் புளித்த மாவை அப்படியே இட்லித்தட்டில் ஊற்றிவிடலாம். நுண்ணுயிரை யாரும் பிரிப்பதில்லை. மருந்தில் அது நடக்காது. 2004இல் பயோகான் வெளியிட்ட இன்சுலினுக்கு வேலை செய்வது, தவிட்டில் அல்லாமல் தொட்டிச் சாற்றில் வளரும் பிக்கியா என்ற ஈஸ்ட். அந்த ஈஸ்ட் செல்களை முழுவதுமாக விலக்கியாக வேண்டும். செல் சில மைக்ரான் அளவே. அடர்த்தியும் நீரைவிடச் சற்றே கூடுதல். தானாக அடியில் படியட்டும் என்று காத்திருந்தால் வேலை ஆகாது. இத்தகைய பணிக்குத் தொழிற்சாலைகளில் மையவிலக்கிகள் சுழல்கின்றன. 1878இல் ஸ்வீடனின் குஸ்தாவ் தெ லவால் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கச் செய்த இயந்திரத்தின் வாரிசுகள் இவை.

ஈஸ்டுக்குத் தடித்த செல்சுவர் உண்டு, சுழற்சியைத் தாங்கும். புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப்பைத் தருவதோ சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வந்த செல்கள். அவற்றுக்குச் சவ்வு மட்டுமே. முரட்டுத்தனமாகச் சுழற்றினால் உடைந்து, உள்ளிருக்கும் புரதமும் டிஎன்ஏவும் சாற்றில் கலந்துவிடும். பிறகு சுத்திகரிப்பவர் பாடு திண்டாட்டம். அதனால் மென்மையாகக் கலக்கும் தொட்டி, மெதுவாக முடுக்கும் மையவிலக்கி, அதன் பின்னே அடுக்கடுக்காக வடிகட்டிகள் என்று வரிசை நீளும். பயோகானும் மைலான் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டிராஸ்டுசுமாப்புக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது.