கமரா பார்க்கிறது, ஆனால் பதிகிறதா?

வத்தளையிலிருந்து மாபொல வரைக்கும் நீர்கொழும்பு வீதியின் இரு பக்கத்தையும் பாருங்கள். கமரா பூட்டாத கடையைக் காண்பது இன்று அரிது. வீடுகளிலும் அப்படித்தான். ஆனால் களவு போன மறுநாள் பதிவைத் தேடும்போது பலருக்கும் கிடைப்பது வெறும் கறுப்புத் திரைதான். "நேற்றுக்கூட ரி.வி.யில் படம் தெளிவாகத் தெரிந்ததே" என்று அங்கலாய்ப்பார்கள். திரையில் படம் தெரிவது வேறு, அது பதிவாவது வேறு. கல்லாவில் காசு விழுந்துவிட்டது என்பதற்காகப் பேரேட்டில் வரவு எழுதப்பட்டுவிட்டது என்று நாம் சொல்வதில்லையே.

கமரா என்பது கண் மட்டுமே. அது பிடிக்கும் படம் வயர் வழியாக டி.வி.ஆர். அல்லது என்.வி.ஆர். எனும் பெட்டிக்கு வருகிறது. பெட்டி அதைச் சுருக்கி, உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதுகிறது. வைபை கமராக்களில் பெரும்பாலும் உள்ளே செருகிய சிறிய எஸ்.டி. கார்ட்டில் பதிவாகும். டிஸ்க் பழுதானாலும் நேரடிப் படம் திரையில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது.

அடுத்தது எத்தனை நாள் பதிவு நிற்கும் என்ற கணக்கு. இரண்டு மெகாபிக்சல் கமரா ஒன்று செக்கனுக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 43 ஜிகாபைட் செல்லும். நான்கு கமராவுக்கு 173 ஜிகாபைட் வரை. அப்படியானால் ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாளைக்குக்கூட முழுதாகப் போதாது. டிஸ்க் நிறைந்ததும் பெட்டி பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். பத்து நாள் கழித்து இருப்பில் குறைவு கண்டுபிடிக்கும் வியாபாரிக்கு அந்தப் பதிவு கிடைக்கப்போவதில்லை. பெட்டியும் கமராவும் இடம் கொடுத்தால் எச். 265 முறைக்கு மாற்றுங்கள். நாட்கள் ஏறக்குறைய இரட்டிக்கும். இல்லாவிட்டால் பெரிய டிஸ்க் போடுங்கள்.

பதிவு நின்றுபோவதற்கான வழமையான காரணங்கள் இவை:

முதலாவது, டிஸ்க் தேய்ந்துபோதல். இரவு பகலாக எழுதும் வேலைக்குக் கமராவுக்கென்றே செய்த டிஸ்க்குகள் உண்டு. விலை குறைவென்று சாதாரண கணினி டிஸ்க்கைப் போட்டால் நெடுநாள் தாங்காது. டிஸ்க் பழுதானால் பெட்டி "பீப்" என்று சத்தமிடும். தொல்லை என்று சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். புதிய டிஸ்க்கைப் பெட்டிக்குள் ஒருமுறை 'போர்மட்' செய்தாலே எழுதத் தொடங்கும். ஆனால் பழைய டிஸ்க்கில் அதைச் செய்தால் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

இரண்டாவது, அமைப்பு. சில பெட்டிகள் அசைவு கண்டால் மட்டும் பதியும்படி வைக்கப்பட்டிருக்கும். அசைவைக் கவனிக்கும் பகுதி வாசலை விட்டு விலகியிருந்தால் கள்வன் நடந்து போனாலும் பதிவாகாது. வாசலுக்கும் கல்லாவுக்கும் இடைவிடாத பதிவே நல்லது.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். திடீரென்று மின்சாரம் போய் வருவது டிஸ்க்கைக் கெடுக்கும். பெட்டிக்கும் கமராவுக்கும் சேர்த்து யு.பி.எஸ். வையுங்கள். இரவில் மட்டும் படம் விட்டுவிட்டு வந்தால், இருட்டில் எரியும் விளக்குகளுக்குப் போதிய மின்சாரம் போகவில்லை என்று சந்தேகியுங்கள். மின்வழங்கி பலவீனமாக இருக்கலாம், அல்லது வயர் மெல்லியதாக இருக்கலாம்.

நான்காவது, மணிக்கூடு. பெட்டிக்குள்ளிருக்கும் சிறு பட்டரி இறந்தால், மின்சாரம் போய் வரும்போது திகதி பல வருடங்கள் பின்னால் போகும். பதிவு அழிந்திருக்காது, பிழையான திகதியில் கிடக்கும். தேடும்போது அங்கேயும் பாருங்கள்.

ஐந்தாவது, நம்மூர்க் காற்றும் தண்ணீரும். உப்புக் காற்று வெளியிலுள்ள இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகியதை நாம் கண்டோம். பெட்டியை மேசைக்குக் கீழே வைக்காமல் உயரத்தில், பூட்டிய அலுமாரியில் காற்றோட்டத்துடன் வையுங்கள். கள்வன் முதலில் தூக்குவதும் அந்தப் பெட்டியைத்தான்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது, தெளிவும் வேண்டும். றக்பி வீரர் வஸீம் தாஜுதீன் 2012 மே 17 ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் சடலமாக மீட்கப்பட்டார். முதலில் வாகன விபத்து என்றார்கள். 2015 இல் விசாரணை மீண்டும் சூடுபிடித்தபோது, கிடைத்த கமராக் காட்சிகள் தெளிவில்லாததால் கனடா வரை அனுப்ப நேர்ந்தது. பதியும்போது விழாத முகத்தையும் வாகன இலக்கத்தையும் பின்னர் எந்த நிபுணராலும் உண்டாக்க முடியாது. ஆகவே ஒரு கமராவையாவது வாசலில் முகம் விழும் உயரத்தில் பூட்டுங்கள். கூரையோரக் கமராவில் தொப்பிதான் தெரியும்.

சம்பவம் நடந்துவிட்டால் தாமதிக்காதீர்கள். பழையது அழியுமுன் உரிய பகுதியைப் பென் டிரைவில் இரண்டு பிரதி எடுங்கள். பெட்டியின் நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் இத்தகைய பதிவை நீதிமன்றம் ஏற்கும். ஆனால் அதில் எவரும் கைவைக்காமல் இருந்திருக்க வேண்டும். திரையைத் தொலைபேசியால் படம் பிடித்து வட்ஸ்அப்பில் பரப்புவது சாட்சியத்துக்குப் பலம் சேர்க்காது. அசல் பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பதே பலம்.

கடையில் காசு குறைந்தால் முதலில் சந்தேகம் விழுவது அங்கு நிற்கும் வேலைக்காரப் பையன் மீதுதான். அவன் எடுக்கவில்லை என்பதற்கும் அந்தப் பதிவே சாட்சி. எனவே வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை கடை பூட்டும் நேரத்திலாவது, நேற்றைய பதிவில் ஐந்து நிமிடமும் மிகப் பழைய பதிவில் ஐந்து நிமிடமும் ஓடவிட்டுப் பாருங்கள். திகதி சரியா, முகம் தெரிகிறதா, எத்தனை நாள் நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். செலவு ஒரு சதமும் இல்லை.