தேனுண்ணியின் நெற்றியில் பூவின் முகவரி

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை காட்டுப்பூக்களின் பருவம். அங்கே தேனுண்ணிப் பறவையைப் பார்க்கக் காடுமேடாக அலைய வேண்டியதில்லை. பெர்த் நகரின் கிங்ஸ் பூங்காவில் பூத்திருக்கும் பாங்க்சியா மரம் ஒன்றுக்குச் சற்றே எட்ட நின்றால் போதும், தானாக வந்துவிடும்.

உடலெல்லாம் கறுப்பு வெள்ளைக் கீற்று, இறக்கையில் பளிச்சென்ற மஞ்சள். இதை மட்டும் பார்த்துவிட்டு 'நியூ ஹாலந்து தேனுண்ணி' என்று குறித்துவிடாதீர்கள். வெண்கன்னத் தேனுண்ணியும் அச்சாக இப்படித்தான் இருக்கும். கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி என்றால் நியூ ஹாலந்து. கண் கறுத்து, கன்னத்தில் அகலமான வெள்ளைத் திட்டு இருந்தால் மற்றது. இளம் நியூ ஹாலந்துக்குக் கண் சாம்பல் நிறம் என்பதால், அப்போது கன்னத்தைத்தான் நம்ப வேண்டும்.

வளைந்த அலகைப் பார்த்தால் நம்மூர்த் தேன்சிட்டுக்குச் சொந்தமோ என்று தோன்றும். நெருங்கிய உறவில்லை, செய்யும் தொழில் ஒன்று என்பதால் வந்த சாயல். தேன்சிட்டின் நாக்கு குழலாகச் சுருண்டிருக்கும். தேனுண்ணியின் நாக்கு நுனியில் இழை இழையாகப் பிரிந்த தூரிகை.

வாய்ப்புக் கிடைத்தால் கங்காருப் பாத மலரில் அது தேன் எடுப்பதைப் பாருங்கள். 1960 முதல் அந்த மாநிலத்தின் மலர் இதுதான். சிவந்த காம்பில் பச்சைப் பூக்கள், தொட்டால் வெல்வெட்டு. காம்பைப் பற்றிக்கொண்டு பறவை அலகை உள்ளே விட்டதும், மேலே வரிசையாக நிற்கும் ஆறு மகரந்தப் பைகள் அதன் தலையில் படும். சந்தனம் இட்டதுபோல மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். கங்காருப் பாதத்தின் வேறு இனம் என்றால் ஒட்டும் இடமும் மாறும். கையில் பைனாகுலர் இருந்தால், பறவை எந்தப் பூவிலிருந்து வருகிறது என்று அதன் தலையைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்.

இத்தனை தேன் எப்படி? அந்த மணல் மண்ணில் பாஸ்பரசுக்குப் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை செய்யச் செடிக்கு வெயிலும் காற்றும் நீரும் போதும். அதனால் தாராளமாகச் செலவழிக்கிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் தேனில் புரதம் கிடையாது. அதற்காகத் தேனுண்ணி அடிக்கடி மேலே எழும்பிப் பூச்சி பிடிக்கும்.

திடீரென்று எல்லாம் சேர்ந்து கீச்சிட்டுப் புதருக்குள் பாய்ந்தால், வானத்தைப் பாருங்கள்: வேட்டைப் பறவை ஏதாவது வந்திருக்கும்.