மருத்துவமனைத் தொலைபேசி: உங்கள் அழைப்பு எவ்வழியே செல்கிறது?

உள்நோயாளராக ஒருவர் சேர்ந்திருக்கும் குடும்பத்தில், மருந்துச் சீட்டுக்கு அடுத்தபடியாகத் தேடப்படுவது தொலைபேசி எண்ணே. மகன் வளைகுடா நாட்டில் இருப்பார். மகள் திருவனந்தபுரத்தில் பணியில் இருப்பார். துணைக்கு இருப்பவர் கீழே மருந்தகத்தில் நின்றுகொண்டிருப்பார். அந்நேரம் வார்டிலிருந்து ஒரு செய்தி வீட்டாருக்குச் சென்றாக வேண்டும். அல்லது வீட்டாரின் செய்தி வார்டுக்கு வந்தாக வேண்டும். "பலமுறை அழைத்தும் எவரும் எடுக்கவில்லை" என்னும் குறை குடும்பத்தாரிடமிருந்தும், "வீட்டாரை அழைத்தோம், பதில் இல்லை" என்னும் குறை செவிலியரிடமிருந்தும் எழுவதுண்டு.

இக்குறைகளுள் பல எவருடைய அலட்சியத்தாலும் நேர்பவை அல்ல. தொலைபேசியில் முன்னரே செய்துவைக்கப்பட்டுள்ள ஏற்பாடுகளை அறியாமையால் நேர்பவை. அவ்வேற்பாடுகள் யாவை, அவற்றோடு இணங்கி நாம் எவ்வாறு நடந்துகொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் எண், பல மேசைகள்

மருத்துவமனையில் தொலைபேசிக் கருவிகள் பல இருந்தாலும், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் சிலவே. இச்சில இணைப்புகளைப் பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டியே உள் இணைப்பகம். அலுவலகங்களில் இதனை 'ஈபிஏபிஎக்ஸ்' என்பர்; பேச்சு வழக்கில் 'இண்டர்காம்' என்றே சொல்கிறோம். வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நிகழும் பேச்சு இப்பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். வெளி இணைப்பு எதையும் அது பிடித்துவைப்பதில்லை. எனவே உள்ளே எத்தனை பேர் பேசினாலும் உங்கள் அழைப்பு அதனால் தடைபடாது.

தடைபடுவது வேறொரு காரணத்தால். வெளி இணைப்பு நான்கு என்று கொள்வோம். முதல் இணைப்பில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால், அதே எண்ணுக்கு வரும் அடுத்த அழைப்பு தானாக இரண்டாம் இணைப்புக்குத் தாவும். அதுவும் நிறைந்திருந்தால் மூன்றாவதற்குச் செல்லும். இதற்கு 'ஹண்டிங்' என்று பெயர். நான்கும் நிறைந்த பிறகே 'எண் உபயோகத்தில் உள்ளது' என்னும் ஒலி கேட்கும். ஆகவே ஒரே நோயாளரைப் பற்றி ஐந்து உறவினர் தனித்தனியே அழைத்து நலம் விசாரிக்கும்போது, விபத்தில் சிக்கியவரைப் பற்றிச் சொல்ல அழைக்கும் ஆறாமவருக்கு வழி கிடைக்காமற்போகலாம்.

தக்கலைப் பகுதியின் தொலைபேசிக் குறியீடு 04651. கைப்பேசியிலிருந்தோ வெளியூரிலிருந்தோ தரைவழி எண்ணை அழைப்பவர் இக்குறியீட்டைச் சேர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் முதலில் உள்ள சுழியை நீக்கி, +91 4651 என்று தொடங்கி எண்ணை அழுத்த வேண்டும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு எண்ணை அனுப்பும்போது இவ்வடிவிலேயே அனுப்புவது நன்று.

அழைப்பு கடக்கும் படிகள்

அழைப்பு உள்ளே வந்ததும் பல மருத்துவமனைகளில் முதலில் கேட்பது பதிவுசெய்யப்பட்ட குரல். உள் எண் தெரிந்தவர் அதனை அப்போதே அழுத்தினால், வரவேற்பு மேசையைக் கடந்து நேரே உரிய மேசைக்குச் சென்றுவிடலாம். தெரியாதவர் எதையும் அழுத்தாமல் சிறிது காத்திருந்தால் வரவேற்பாளர் பேசுவார். வார்டை விட்டு வீடு திரும்பும் முன், அந்த வார்டின் செவிலியர் மேசைக்குரிய உள் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அது பெருந்துணையாகும்.

வரவேற்பாளர் அழைப்பை வார்டுக்கு மாற்றித் தருவதில் இருவகை உண்டு. உங்களைக் காத்திருக்கச் செய்து, முதலில் வார்டில் உள்ளவரிடம் இன்னார் பேசுகிறார் என்று சொல்லிவிட்டு இணைப்பது ஒரு வகை. நேரடியாக வார்டுக்கு அனுப்பிவிட்டுத் தாம் விலகிக்கொள்வது மற்றொரு வகை. முதல் வகையில் இடையே சிறிது நேரம் இசை ஒலிக்கும். இணைப்பு அறுந்துவிட்டது என்றெண்ணிப் பலர் அப்போது வைத்துவிடுகின்றனர். மீண்டும் அழைக்கும்போது தொடக்கத்திலிருந்து காத்திருக்க நேர்கிறது. இசை ஒலிக்கும் வரை இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

வார்டில் மணி ஒலித்தும் எவரும் எடுக்காவிட்டால் என்னாகும்? செவிலியர் ஒருவருக்கு ஊசி செலுத்திக்கொண்டோ, மற்றொருவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டோ இருக்கும்போது தொலைபேசிக்கு ஓடிவர இயலாது. இதனைக் கருதியே இணைப்பகத்தில் சில ஏற்பாடுகள் உள்ளன. குறிப்பிட்ட நேரம் வரை எடுக்கப்படாத அழைப்பை அடுத்த மேசைக்குத் திருப்பலாம். மாற்றித் தந்தவரிடமே திரும்பி வரச் செய்யலாம். ஒரே தளத்தில் உள்ள பல கருவிகளை ஒரு குழுவாக்கி, எவருடைய கருவி ஒலித்தாலும் அருகில் இருப்பவர் தம் கருவியிலிருந்தே எடுக்குமாறு செய்யலாம். எனவே நீங்கள் வார்டுக்கு அழைத்திருக்க, வேறொரு பிரிவில் உள்ளவர் பேசினால் அது தவறான எண் அன்று. நோயாளரின் பெயரையும் வார்டையும் சொன்னால் அவர் உரிய இடத்துக்கு மாற்றித் தருவார்.

இரவு ஏற்பாடு என்றும் ஒன்றுண்டு. வரவேற்பு மேசை மூடிய பின், எல்லா வெளி அழைப்புகளும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கோ காவலர் அறைக்கோ செல்லுமாறு திருப்பிவைப்பர். இரவில் அழைப்பை எடுப்பவர் அச்சமயம் வேறோர் உயிரைக் காக்கும் பணியில் நிற்பவராக இருக்கலாம். ஆதலால் பார்வை நேரம், கட்டண விவரம், மருத்துவர் வரும் நாள் ஆகியவற்றைப் பகலில் கேட்பதே முறை.

அறையில் உள்ள தொலைபேசி

அறைத் தொலைபேசியிலிருந்து வெளியூருக்குப் பேச முடியவில்லை எனில், அது பழுது என்று கருத வேண்டா. எந்தக் கருவியிலிருந்து உள்ளே மட்டும் பேசலாம், எதிலிருந்து வெளியே பேசலாம் என்பதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே வரையறுத்திருப்பர்.

வெளியே பேச அனுமதியுள்ள கருவியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான இணைப்பகங்களில் வெளி இணைப்பைப் பெற முதலில் 0 அழுத்த வேண்டும். தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைப்பதாயின் எண்ணுக்கு முன் ஒரு 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. ஆகவே அறையிலிருந்து கைப்பேசியை அழைக்க இரண்டு சுழிகள் தேவை. ஒன்றை மட்டும் அழுத்தினால், அதனை இணைப்பகம் தனக்கெனக் கொண்டுவிடும். எஞ்சிய பத்து இலக்கங்கள் சுழியின்றி வெளியே சென்று, அழைப்பு இணையாமற்போகும்.

மூன்றிலக்க உள் எண்கள் கொண்ட இணைப்பகத்தில் 108 என்பது ஓர் அறையின் எண்ணாகவே இருக்கக்கூடும். மருத்துவமனைக்குள் இருக்கும்போது நோயாளருக்கு மூச்சுத்திணறலோ மயக்கமோ நேர்ந்தால், தொலைபேசியைத் தேடவே வேண்டா. படுக்கையருகே உள்ள அழைப்பு மணியை அழுத்துங்கள். உரக்கக் குரல் கொடுங்கள். இதுவே விரைவான வழி.

ஒலிவாங்கியைச் சரியாகத் தாங்கியில் வைக்காவிட்டால், அக்கருவிக்கு வரும் அழைப்பு எதுவும் ஒலிக்காது. ஆய்வகம் முதல் அறுவை அரங்கு வரை அனைவரும் அறையைத் தொடர்புகொள்ள இயலாமற்போகும். பேசி முடித்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாங்கள் உங்களை அழைக்கும்போது

குருதி ஏற்றுவதற்கோ, உடனடி அறுவைக்கோ ஒப்புதல் கேட்க மருத்துவர் வீட்டாரை அழைக்க நேரும். அப்போது பதில் கிடைக்காதிருப்பதற்குப் பெரும்பாலும் கைப்பேசியில் உள்ள அமைப்புகளே காரணம். தெரியாத எண்களை ஒலிக்கவிடாமல் தடுக்கும் வசதி, தொல்லை அழைப்புகளை வடிகட்டும் செயலி, இரவு நேர 'தொந்தரவு செய்யாதே' அமைப்பு ஆகிய மூன்றும் மருத்துவமனை எண்ணையும் அயலார் எண்ணாகவே கருதும். ஆதலால் நோயாளர் சேர்ந்த அன்றே பின்வருவனவற்றைச் செய்துவிடுங்கள்.

மருத்துவமனையின் எண்கள் அனைத்தையும் வரவேற்பில் கேட்டு, ஒரே பெயரின்கீழ்ப் பதிந்துகொள்ளுங்கள். எந்த வெளி இணைப்பு ஓய்வாக இருக்கிறதோ அதன் வழியே அழைப்பு புறப்படுவதால், திரையில் தோன்றும் எண் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். பின்னர் அப்பெயரை இரவிலும் ஒலிக்க அனுமதிக்கப்பட்ட பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அழைப்பைத் தவறவிட்டு, அதே எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் அது வரவேற்புக்கே செல்லும். உங்களை அழைத்தவர் யார் என்று அங்கிருப்பவருக்குத் தெரியாது. "எங்களுக்கு அழைப்பு வந்தது" என்று மட்டும் சொல்லாமல், நோயாளரின் பெயர், வார்டு, படுக்கை எண் ஆகிய மூன்றையும் கூறி, அந்த வார்டுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் ஒருவரைத் தொடர்பாளராகக் குறித்து, அவர் எண்ணையும் மாற்று எண் ஒன்றையும் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். நோயாளரின் கைப்பேசி எண்ணையே தொடர்பு எண்ணாகத் தந்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அறுவையின்போது அக்கைப்பேசி அலமாரிக்குள் இருக்கும். நோய் விவரத்தைத் தொலைபேசியில் கேட்போர் எல்லோருக்கும் சொல்லாதிருப்பது நோயாளரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகவே. தொடர்பாளர் அறிந்து மற்றோருக்குச் சொன்னால் இணைப்பும் மிஞ்சும், செய்தியும் பிசகாது.

பணம் கேட்டு வரும் அழைப்பு

"மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன், உடனே மருந்து வாங்கப் பணம் அனுப்புங்கள்" என்று எவரேனும் கூறினால், அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு, நீங்கள் பதிந்துவைத்துள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்த பின்னரே எதையும் செய்யுங்கள். *21* அல்லது *401* என்று தொடங்கும் குறியீட்டை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீர்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அயலார் எண்ணுக்குத் திருப்பிவிடும் உத்தி. இம்மோசடியைக் கருதியே, இத்தகைய குறியீடுகளால் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது.

மின்சாரம் நின்றுவிட்டால்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. அத்தகைய வேளைக்கென்று இணைப்பகங்களில் இரு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, மின்கலம். மற்றொன்று, மின்கலமும் ஓய்ந்துவிட்டால் வெளி இணைப்பு ஒன்றைக் குறிப்பிட்ட ஒரு கருவியோடு நேரடியாகச் சேர்த்துவிடும் அமைப்பு. பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியே வருவதால் அது இயங்கும். இப்போது பல வீடுகளில் உள்ள கண்ணாடி இழை இணைப்பு அவ்வாறன்று. வீட்டில் மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நிற்கும். வீட்டில் நோயாளரை வைத்திருப்போர் மழைக்காலத்தில் கைப்பேசியை முழு மின்னேற்றத்தோடு வைத்திருப்பதும், முக்கிய எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவதும் அவசியம்.

வீட்டிலேயே அவசரம் நேர்ந்தால்

நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி, விபத்து போன்றவற்றுக்கு மருத்துவமனை வரவேற்பை அழைத்துக் காத்திருக்க வேண்டா. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் 108 அவசர ஊர்தி எண்ணை நேரே அழையுங்கள். அண்டை மாநிலமான கேரளத்திலும் எண் 108 தான். ஆதலால் எல்லையோரத்தில் இருப்போர் முதலில் 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று கூறி, பிறகு ஊர், தெரு, அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ ஆலயமோ எதுவென்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் முடிக்கும் வரை தொலைபேசியை வைக்காதீர்கள். அவசரமல்லாத மருத்துவ ஐயங்களுக்கு 104 உண்டு. நோயாளரைக் கவனித்துக் கவனித்து மனம் சோர்ந்தவர்களுக்கு, 14416 என்னும் கட்டணமில்லா மனநல ஆலோசனை எண் உண்டு. அதனை அழைக்கத் தயங்க வேண்டா.

அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. நோயாளரின் முழுப்பெயர், வயது, பதிவு எண்.
2. வார்டு, படுக்கை எண், மருத்துவரின் பெயர்.
3. கேட்க வேண்டிய வினாக்கள், எழுதப்பட்ட வடிவில்.
4. பதிலைக் குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவும்.
5. திரும்ப அழைக்க வேண்டிய உங்கள் எண்.

மருந்தின் பெயரையும் அளவையும் தொலைபேசியில் கேட்டால், எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டுங்கள். 'ஐந்து' என்பதும் 'ஐம்பது' என்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிக்கக்கூடும். திருப்பிச் சொல்ல ஆகும் அரை நிமிடம் நோயாளரைப் பெரிய தீங்கிலிருந்து காக்கும்.