ஆஸ்திரேலியா: ஆலை மூடிய பின்னும் நிலைத்திருக்கும் படச்சுருள் ஆர்வம்

மெல்பர்ன் நகரின் வடபகுதியான கோபர்க்கில் இயங்கிவந்த கோடக் நிறுவனத்தின் தொழிற்சாலை 2004ஆம் ஆண்டு மூடப்பட்டபோது, ஆஸ்திரேலியாவில் பிலிம் புகைப்படத்தின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். டிஜிட்டல் கேமராக்கள் வீடுதோறும் நுழைந்துகொண்டிருந்த காலம் அது.

இரு தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஆலை இருந்த நிலத்தில் இன்று கோபர்க் ஹில் என்ற குடியிருப்புப் பகுதி எழுந்துள்ளது. எனினும் மெல்பர்னிலும் சிட்னியிலும் படச்சுருள்களை விற்கும் கடைகளும், அவற்றைக் கழுவிக் கொடுக்கும் நிலையங்களும் தொடர்ந்து இயங்கி வருகின்றன. கைத்தொலைபேசியிலேயே தரமான படம் எடுக்க முடிகின்ற இக்காலத்தில், செலவும் தாமதமும் மிகுந்த ஒரு பழைய முறையை மக்கள் ஏன் விரும்பித் தொடர்கின்றனர்? இந்த விருப்பம் நீடிக்குமா?

நூற்றாண்டைக் கடந்த வரலாறு

ஆஸ்திரேலியாவில் புகைப்படப் பொருள்களின் உற்பத்தி, மெல்பர்னின் அபட்ஸ்ஃபோர்ட் பகுதியில் தாமஸ் பேக்கர் என்பவர் 1880களில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து வளர்ந்தது. யாரா ஆற்றங்கரையில் அவர் கண்ணாடித் தகடுகளில் ஒளி உணரும் பூச்சைப் பூசி விற்றுவந்தார். ஜே. ஜே. ரவுஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து அவர் வளர்த்த நிறுவனம், 1908இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக்குடன் இணைந்தது. மெல்பர்னில் இன்று இருதய நோய், நீரிழிவு ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற பேக்கர் ஆய்வு நிறுவனம், இவரது கொடையினால் 1926இல் உருவானது என்பது குறிப்பிடத்தக்கது.

கோபர்க் ஆலை 1950களின் பிற்பகுதியில் கட்டப்படத் தொடங்கியது. அங்கு தயாரான படச்சுருளும் புகைப்படத் தாளும் பல தலைமுறைகளின் குடும்ப நினைவுகளைச் சுமந்தன. ஆலை மூடப்பட்ட பின்னர் அதன் ஆவணங்களும் கருவிகளும் விக்டோரியா அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக்குச் சென்றன.

தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான ஒரு வரலாறு உண்டு. உதகமண்டலத்தில் இந்திய அரசு 1960இல் நிறுவிய இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. குளிர்ந்த, தூசி குறைந்த மலைச் சூழல் இத்தொழிலுக்கு ஏற்றது. 'இந்து' என்ற வணிகப் பெயரில் அங்கிருந்து வந்த கறுப்பு வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்ரே பிலிம்களும் இந்தியாவெங்கும் பயன்பட்டன. ஆயினும் 1990களில் அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது; பின்னர் உற்பத்தியும் நின்றுபோனது.

மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

படச்சுருளை நாடுவோரை இறந்தகால ஏக்கம் கொண்டவர்கள் என்று மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது. அவர்களுள் கணிசமானோர் டிஜிட்டல் யுகத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள். தாங்கள் அறியாத ஒரு காலத்தை எண்ணி அவர்கள் ஏங்க இயலாது.

இந்த ஈர்ப்பின் முதற் காரணம் வரையறை. ஒரு சுருளில் 36 படங்கள் மட்டுமே உண்டு. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ஒரு செலவு நேர்கிறது. எனவே எடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியுள்ளது. ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது, எது சட்டகத்துக்குள் வரவேண்டும் என்று முடிவு செய்யவேண்டியுள்ளது. எடுத்த படத்தை உடனே பார்க்க வழியில்லாததால், கவனம் திரையில் அன்றி எதிரே உள்ள காட்சியிலேயே நிற்கிறது.

இரண்டாவது காரணம் கைவேலை. கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவலாம். ஒளி புகாத பையினுள் கைகளை நுழைத்துச் சுருளைத் தொட்டியில் ஏற்றியபின், எஞ்சிய பணிகளை வெளிச்சத்திலேயே செய்ய முடியும். டெவலப்பர் திரவம் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கவேண்டும். சிட்னியின் கோடையில் குழாய் நீரே அதைவிடச் சூடாக இருப்பதால், பனிக்கட்டி இட்ட நீரில் பாத்திரங்களை வைத்துக் குளிர்விப்பது அங்குள்ள ஆர்வலர்களின் வழக்கம். இறுதியில் தொட்டியைத் திறந்து, ஈரச் சுருளை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கும் கணத்துக்காகவே இவ்வளவு பாடுபடுவதாகக் கூறுவோர் பலர்.

நெகட்டிவ் என்ற மூலப்படி

மூன்றாவது காரணம் நிலைபேறு. ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற புகைப்படங்களுள் ஒன்றான 'சன்பேக்கர்' இதற்கு நல்ல சான்று. கடற்கரை மணலில் கவிழ்ந்து படுத்திருக்கும் ஒருவரைச் சிட்னியின் மேக்ஸ் டூப்பேன் 1937இல் எடுத்த படம் அது. அவர் முதலில் தேர்ந்தெடுத்திருந்த படத்தின் நெகட்டிவ் தொலைந்துபோனது. அதே வேளையில் எடுக்கப்பட்ட மற்றொரு நெகட்டிவிலிருந்து அச்சிடப்பட்ட படமே 1975இல் சிட்னியில் நடந்த கண்காட்சியின் மூலம் புகழ்பெற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்த ஒரு சிறு துண்டிலிருந்து ஒரு நாட்டின் அடையாளப் படம் பிறந்தது.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இது வெறும் கலை வரலாறு அல்ல. இலங்கையில் 1983 ஜூலை வன்செயல்களிலும், தொடர்ந்து வந்த போரிலும் வீடுகளை இழந்து வெளியேறிய குடும்பங்கள் பல, தமது திருமணப் படங்களையும் பெற்றோரின் உருவப் படங்களையும் சேர்த்தே இழந்தன. அச்சுப்படம் ஓரிடத்திலும் நெகட்டிவ் வேறிடத்திலும் இருந்தபோது, ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்ச வாய்ப்பிருந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தபோது எதுவும் எஞ்சவில்லை.

சிட்னியிலும் மெல்பர்னிலும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் எஞ்சியுள்ள பழைய நெகட்டிவ்களுக்கும் ஆபத்து உண்டு. அசிட்டேட் அடித்தளம் கொண்ட சுருள்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, வினிகர் போன்ற புளித்த நெடியை வெளிவிடும்; பின்னர் சுருங்கி வளையும். தொடங்கிய சிதைவை மீட்க இயலாது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்துத் தாமதப்படுத்தவே முடியும். இவற்றைச் சேதமின்றிக் கையாண்டு, கணினியில் படியெடுத்துப் பல இடங்களில் சேமிக்கும் திறன், இன்று பிலிமைப் பொழுதுபோக்காகப் பயிலும் தலைமுறையிடமே பெரிதும் உள்ளது. பேத்தியின் விருப்பம் பாட்டனின் படத்தைக் காக்கக்கூடும்.

விலையும் விமான நிலையமும்

இவ்விருப்பத்தின் முன்னுள்ள பெரிய தடை செலவு. வண்ணச் சுருள் ஒன்றில் பத்துக்கும் மேற்பட்ட மெல்லிய படலங்கள் உள்ளன. அவற்றை இருளில், பிழையின்றிப் பூசும் இயந்திரங்கள் பெருமளவு உற்பத்திக்கென வடிவமைக்கப்பட்டவை. விற்பனை சுருங்கும்போது ஒவ்வொரு சுருளும் சுமக்கவேண்டிய செலவு கூடுகிறது. மூலப்பொருளான வெள்ளியின் விலையும் சேர்ந்துகொள்கிறது. இதனால்தான் ஆர்வலர்கள் 100 அடி நீளக் கறுப்பு வெள்ளைச் சுருளை வாங்கி, அதிலிருந்து சுமார் 18 சிறு சுருள்களைத் தாமே நிரப்பிக்கொள்கின்றனர்.

சென்னைக்கோ கொழும்புக்கோ பயணம் செய்வோர் மற்றொன்றையும் அறிந்திருப்பது நல்லது. பல விமான நிலையங்களில் கைப்பைகளைச் சோதிக்க நிறுவப்பட்டுள்ள புதிய சிடி வகை ஸ்கேனர்கள், கழுவப்படாத சுருளில் மங்கலை ஏற்படுத்தக்கூடியவை. சரக்காக அனுப்பும் பெட்டியில் சுருளை வைப்பதும் பாதுகாப்பானதல்ல. தனிப் பையில் வைத்துக் கையால் சோதிக்குமாறு கோரலாம். ஆனால் எல்லா இடங்களிலும் அக்கோரிக்கை ஏற்கப்படும் என்ற உறுதியில்லை. சென்றடைந்த ஊரிலேயே கழுவிக்கொண்டால் இந்த அச்சமில்லை.

நீடிக்குமா?

கோடக் நிறுவனம் 2012 ஜனவரியில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பை நாடியபோது, இத்தொழில் முற்றாக மறையும் என்ற அச்சம் எழுந்தது. அதற்கு மாறான அறிகுறிகளும் பின்னர் தென்பட்டன. 2012இல் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் சுருளை 2018இல் கோடக் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இல்ஃபர்ட் சுருள்களைத் தயாரிக்கும் பிரிட்டனின் ஹார்மன் நிறுவனம் 2023இல் ஒரு புதிய வண்ணச் சுருளை வெளியிட்டது. 2024இல் பென்டாக்ஸ் பெயரில் புதிய பிலிம் கேமரா ஒன்று வந்தது.

ஆயினும் உலகில் பெருமளவில் பிலிம் தயாரிக்கும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓர் ஆலை மூடப்பட்டால் அதன் இயந்திரங்களோடு, அவற்றை இயக்கியவர்களின் அனுபவ அறிவும் கலைந்துவிடுகிறது. கோபர்க்கும் உதகையும் அளிக்கும் பாடம் இதுவே. எஞ்சியுள்ள ஆலைகள் நிலைக்குமா என்பது, திரைப்படத் துறையின் தேவையோடு, சிட்னியிலோ மெல்பர்னிலோ மாதம் ஓரிரு சுருள்களை வாங்கும் சாதாரண ஆர்வலர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தே அமையும்.