உங்களுக்குத் தெரியுமா? ஆக்சலாட்டலுக்கு வெயில் ஆகாது!

மெக்சிகோ நகரின் சொசிமில்கோ நீர்நிலைகளே ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் சாலமாண்டரின் தாயகம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் எப்போதும் குளுமைதான். வளர்ப்புத் தொட்டியிலும் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும்; 24-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்.

திருத்தங்கலில் பட்டாசுத் தொழிலுக்குக் கைகொடுக்கும் வறண்ட காற்று தொட்டியைக் குளிர்விக்கவும் உதவும். தொட்டியின் மேல்பரப்பில் படும்படி சிறிய மின்விசிறியை ஓடவிட்டால், மண்பானையில் நடப்பதுபோல் நீர் ஆவியாகிச் சில டிகிரி சூடு இறங்கும். கோடையில் அது போதாது. சில்லர் கருவி அவசியம். ஐஸ்கட்டியை நேரடியாகப் போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியும் ஆக்சலாட்டலை வாட்டும். செவுள்கள் முன்பக்கமாக வளைந்தாலோ, இரையைத் தொடாவிட்டாலோ உடனே தெர்மாமீட்டரைப் பாருங்கள்.